க்ளூ கன்னை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

கூடு கண்காட்சிக்குப் பெயர் கொடுத்திருக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு,

நீங்கள் குழுவில் போடுகிற படங்களை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன். சமையலறையையும் பரணையும் எல்லாரும் ஒரு கை பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சந்தோஷம். ஆனால் பெரும்பாலான படங்களில் தெர்மகோல் முட்டை இருக்கிறது. முட்டை இல்லாதவற்றில் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பிளாஸ்டிக் குருவி உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னால் மனவருத்தம் வரும். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் யாரும் தன்னைச் சொன்னதாக நினைக்கமாட்டார்கள்.

முட்டையை எடுத்துவிட்டால் பாதிப் படைப்புகள் கூடா, பழக்கூடையா என்று தெரியாமல் போய்விடும். எடுக்கச் சொல்வதே அதனால்தான். வீட்டில் கிடப்பதையும் தெருவில் கண்டெடுத்ததையும் வைத்து ஒரு சிற்பம் செய்வது என்றுதான் நாம் பேசி முடிவெடுத்தோம். பார்க்கிறவர் முட்டையின் தயவில்லாமல் அதைக் கூடு என்று சொல்ல வேண்டும். அந்த வேலையைப் பொருளும் பின்னலும் செய்யட்டும்.

பின்னல் என்றதும் அடுத்த பிராதுக்கு வந்துவிடுகிறேன். க்ளூ கன். எதையும் எதோடும் ஒட்டிவிடும் என்பதுதான் அதன் வசதி, அதுவேதான் அதன் கெடுதலும். இரண்டு குச்சி சேருமிடத்தில் ஒரு சொட்டு வைத்தாயிற்று என்றால், அவை எப்படிச் சேரும் என்று கை யோசிப்பதில்லை. போதாக்குறைக்கு நம் ஊர் வெயில். தகரக் கூரைக்குக் கீழே மே மாத மத்தியானத்தில் அந்தப் பசை இளகும். திறப்பு விழாவன்று காலையில் தரையில் கிடப்பதைப் பொறுக்கி மறுபடி ஒட்ட நான் வரமாட்டேன்.

பறவை ஒட்டாமல் எப்படிச் சமாளிக்கிறது? சுள்ளிக் கூடுகளுக்கு விடை மிக எளிது. ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நிற்கின்றன. அமெரிக்காவில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் கிங் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூங்கில் குச்சிகளை ஒழுங்கில்லாமல் ஓர் உருளைக்குள் போட்டு மேலிருந்து அழுத்திப் பார்த்தார்கள். கட்டும் கிடையாது, பசையும் கிடையாது. அழுத்த அழுத்தக் குச்சிகள் வளைந்து, உரசி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அழுத்தத்தை எடுத்த பிறகும் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காக்கைக் கூட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பதில் இந்த உரசலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உருளை இல்லாமல் நிற்க நேரான, வழவழப்பான குச்சி அவ்வளவாக உதவாது. கோணலும் கிளைப்பும் உள்ள சுள்ளிதான் நன்றாகப் பிடிக்கும். பொறுக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அழகான குச்சியைத் தேடாதீர்கள்.

தூக்கணாங்குருவியின் வழி வேறு. அது உண்மையிலேயே பின்னுகிறது. கட்டுவது ஆண். நெல், கரும்பு, பனை என்று எதன் இலை கிடைத்தாலும் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, கிழிசலைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கிற வேகத்தில் நீளமாக ஒரு நார் உரிந்து அலகோடு வரும். அதைக் கிளைநுனியிலோ ஓலைநுனியிலோ சுற்றி முடிச்சிட்டு, முதலில் ஒரு தொங்கும் வளையம். பிறகு வளையத்தின் மேல் கூரை. தலைக்கவச வடிவத்துக்கு வந்ததும் வேலையை நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கத்த ஆரம்பிக்கும். பெண்குருவிகள் வந்து பார்க்கும். பிடித்தால்தான் முட்டை அறையும் நீண்ட வாசல்குழாயும். பிடிக்காவிட்டால் அந்த அரைக்கூடு அப்படியே தொங்க வேண்டியதுதான். இந்த நடப்பையெல்லாம் மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து கவனித்து 1931-இல் எழுதியவர் சாலிம் அலி. ஒரு பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை அழைக்கும் என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார்.

உள்ளே களிமண் அப்பிவைக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. மின்மினியைப் பிடித்து அதில் ஒட்டி விளக்கேற்றுகிறது என்று நம் பாட்டிகள் சொன்ன கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காற்றில் கூடு அலையாமல் இருக்க எடை சேர்க்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற காரணங்களில் ஒன்று. கூட்டைத் தொங்கவிட நினைக்கிறவர்கள் இந்த இரண்டாவது கதையை எடுத்துக்கொள்ளலாம். அடியில் எடையில்லாத கூடு ஃபேன் போட்டதும் சுற்ற ஆரம்பித்துவிடும்.

‘எனக்குக் கை வராது’ என்று எழுதியிருந்த தோழிக்கு ஒரு சேதி. நிக்கலஸ் காலியஸ், எல்சி காலியஸ் என்ற அமெரிக்கத் தம்பதி, தூக்கணாங்குருவிக்கு உறவான ஓர் ஆப்பிரிக்கப் பறவையை வளர்த்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இளம் ஆண்பறவைகளின் முதல் பின்னல்கள் கோணல்மாணலாகத்தான் இருந்தன. பொருளைக் கையாண்டு பழகப் பழகத்தான் தேர்ந்தன. பழகப் பொருளே கொடுக்காமல் வளர்த்த குஞ்சுகளுக்குப் பின்னால் நார் கொடுத்தபோது, பழகியவற்றின் அளவுக்குப் பின்ன வரவில்லை. பிறவியிலேயே பின்னத் தெரிந்ததாக நாம் நினைக்கும் பறவையின் கதையே இது. ஆகவே அவிழ்த்துப் போட்டுத் திரும்பப் பின்னுங்கள்.

சுவரோரக் குரோட்டன்ஸ் செடியில் தையல்சிட்டு கூடு கட்டினால் ஒரு தையலையாவது கிட்டே போய்ப் பாருங்கள், தொடாமல். நாம் தைப்பதுபோல ஒரே நூல் தொடர்ந்து ஓடுவதில்லை. அலகால் இலையில் துளை போட்டு, பஞ்சுத்திரியையோ சிலந்தி நூலையோ அதில் நுழைக்கும். நுழைத்த நுனி இலைக்கு வெளியே பூரித்துச் சின்ன உருண்டையாக நின்றுகொள்ளும். அதுவே பிடிமானம். ஒவ்வொரு துளையும் தனித்தனி ஆணி மாதிரி. மாத்திரை அட்டையையோ பால் பாக்கெட்டையோ வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. துளையிட்டு, துணித்திரியை நுழைத்து, நுனியைப் பிரித்துவிடுங்கள். பசை வேண்டியதே இல்லை.

இனி பொருள். பறவை கடைக்குப் போய் வாங்குவதில்லை. பக்கத்தில் எது கிடக்கிறதோ அதுதான். வயல் பக்கத்துக் காகம் சுள்ளியில் கட்டும், டவுன் காகம் கட்டுக்கம்பியும் கேபிள் துண்டும் சேர்த்துக் கட்டும். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒரு மருத்துவமனை முற்றத்து மரத்தில், காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை ஒன்று கட்டிய கூட்டில் சுமார் 1,500 இரும்பு முட்கள் இருந்தன. பறவைகள் உட்காரக் கூடாது என்று கட்டட விளிம்புகளில் மனிதர்கள் பதித்துவைக்கிற அதே முட்கள். பிய்த்துக்கொண்டு போய், தன் கூட்டுக்கு எதிரி வராமல் இருக்கத்தானோ என்னவோ, முள்முனை வெளியே நீளும்படி வைத்துக் கட்டியிருக்கிறது. ஹாலந்து உயிரியலாளர் ஆக்கே ஃப்ளோரியன் ஹீம்ஸ்ட்ராவும் குழுவினரும் 2023-இல் இதை எழுதினார்கள்.

அதே ஹீம்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் ஒரு நாமக்கோழிக் கூட்டை அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறார். நம் குளங்களிலும் மிதக்கிற, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட அதே கறுப்புப் பறவைதான். செடிகொடியால் கட்டிய கூடு மக்கிப்போய்விடும், அடுத்த வருஷம் புதிதாகக் கட்டியாக வேண்டும். பிளாஸ்டிக்கில் கட்டினால் மக்குவதில்லை என்பதால் பழையதன் மேலேயே அடுக்கிக்கொண்டு போயிருக்கின்றன. மேலே கொரோனாக் காலத்து முகக்கவசம். அடியில் 1994 உலகக்கோப்பைக் கால்பந்துக்கு விளம்பரம் போட்ட ஒரு மார்ஸ் சாக்லேட் உறை. உறையில் அச்சான தேதிகளை வைத்தே எந்த அடுக்கு எந்த வருஷம் என்று சொல்லிவிட முடிந்தது.

உங்கள் வீட்டுக் கூட்டிலும் அப்படி ஏதாவது தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. கைவினைக் கடையில் பாக்கெட் போட்டு விற்கிற சாயம் பூசிய சணலை வாங்கிவந்து செய்தால், அது எந்த வீட்டுக் கூடாகவும் இருக்கலாம். மணியார்டர் ரசீதைக் கம்பியில் குத்திச் சேர்த்துவைத்தவர் வீடு, இருபது வருஷக் கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடாதவர் வீடு, சர்க்கரை மாத்திரை அட்டை டப்பா டப்பாவாகச் சேர்கிற வீடு என்று நம் வட்டத்திலேயே எத்தனை வீடுகள்! ஒரு வீட்டுக்கு ஒரு பொருள் போதும். மிஞ்சினால் இரண்டு. எல்லாவற்றையும் கலந்தால் குப்பைக்கூடைதான் மிஞ்சும்.

பொருளை வைத்துச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பழைய ஒயர் கூடையைப் பிரித்துப் பார்த்தீர்களா? சிவன் கண்ணோ நெல்லிக்காயோ, முடிச்சு விழுந்த ஒவ்வோர் இடத்திலும் ஒயர் மடிந்தபடியே நின்றுவிடும். நீவினாலும் நேராகாது. புது ஒயரில் கூடு செய்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பிரித்த ஒயரை அள்ளி ஒரு சட்டிக்குள் அழுத்தினால் மடிப்புக்குள் மடிப்பு மாட்டி உருவம் நிற்கும். நான் மேலே சொன்ன மூங்கில் குச்சிச் சோதனையை நீங்களே செய்து பார்த்த மாதிரி ஆகிவிடும். கேசட் நாடா பளபளவென்று ஆசை காட்டும், ஆனால் எதையும் பிடிக்காது. உள்பக்கம் மெத்தைக்கு மட்டும் வையுங்கள்.

கிழிந்த குடை அருமையான பொருள். துணியை எடுத்துவிட்டுத் தலைகீழாக நிறுத்தினால் 8 கம்பியோடு கிண்ணத்துக்குச் சட்டம் தயார். ஆனால் ஒன்று: ஒற்றை இழையை மேலே, கீழே என்று சுற்றிக்கொண்டே பின்னுவதற்குச் சட்டக் கம்பி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். 8 இருந்தால் இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் மேலேயே அதே மாதிரி விழும், பின்னல் பூட்டாது. நடுவில் கட்டுக்கம்பியால் ஒன்பதாவது ஒன்றைச் சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு இழையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பிக்கு நடுவிலும் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டே போங்கள். இதற்கு இரட்டைப்படை, ஒற்றைப்படை பேதமில்லை. கடகப்பெட்டி முடைகிறவர்களிடம் கேட்டால் இன்னும் பத்து வழி சொல்வார்கள்.

பனைநாரும் ஓலையும் காய்ந்தபடி மடக்கினால் ஒடியும். ஊறவைத்து, வேலை முடிகிறவரை ஈரத்துணிக்குள் வைத்திருங்கள். வாழைநாருக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும், பூக்கட்டுகிறவர்கள் செய்வதுதான். பருத்திச் சேலை நீளவாக்கில் நேராகக் கிழியும், திரித்துக் கயிறாக்கலாம். பாலியஸ்டரைக் கத்தரித்தே தீர வேண்டும். தென்னையில் உரிந்து விழுகிற சில்லாட்டையை யாரும் தொடவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். தென்னை தானே நெய்துபோட்ட துணி அது. பதநீர் வடிகட்டிய காலமெல்லாம் போய்விட்டது என்பதற்காக அதன் பின்னலுமா போய்விட்டது?

செய்தித்தாளில் செய்ய நினைப்பவர்களுக்கு நம் வீடுகளில் இருந்த பழைய முறையே போதும். கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டி, துணி சுற்றிய பானையைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் காயவைப்பது. வெந்தயமே பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சியும் அவ்வளவாக வராது. மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் கரப்பானுக்குப் பயந்து மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் தொடப்போகிற கண்காட்சியில் வேண்டவே வேண்டாம்.

வடிவத்துக்கு ஒரே ஒரு யோசனை. வெளியிலிருந்து அமுக்கி உருட்டாதீர்கள். பல பறவைகள் கூட்டின் நடுவில் உட்கார்ந்து, நெஞ்சால் தள்ளித் தள்ளிச் சுற்றிவந்துதான் அந்தக் குழிவை உண்டாக்குகின்றன. கைமுட்டியை உள்ளே வைத்துத் திருகிக்கொண்டே பொருளைச் சேர்த்துப் பாருங்கள். வெளிப்பக்கம் முரடாகவே இருக்கட்டும். உள்ளே போகப்போக மெல்லியது, மிருதுவானது.

வீட்டில் இன்னொன்றையும் தேடச் சொல்வேன். பானையை உட்காரவைக்கிற வைக்கோல் பிரிமணை, தயிர்ச்சட்டி தொங்கிய உறி, சும்மாடு. வட்டமாகச் சுற்றி, தன் இறுக்கத்திலேயே நிற்கிற இந்தச் சாமான்களைச் செய்யத் தெரிந்த பெரியவர்கள் நம் வட்டத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். ‘எங்களுக்குச் சிற்பமெல்லாம் தெரியாது’ என்று பார்வையாளர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைச் செய்கிறவர்கள் பட்டியலுக்கு மாற்றிவிட்டேன். கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

கூடு ஒரு சிற்பமா என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். ஜெர்மன் கலைஞர் நில்ஸ் ஊடோ 1978-இலேயே லூனபுர்க் பகுதியில் மண், கல், பிர்ச் மரக்கட்டைகள், புல் ஆகியவற்றால் ஆள் இறங்கிப் படுக்கிற அளவுக்கு ஒரு கூடு செய்துவிட்டார். அமெரிக்காவின் பேட்ரிக் டோஹர்ட்டி இளமரக் கொப்புகளை வளைத்துச் சிக்கவைத்தே ஆள் புகுந்து நடக்கும் அளவுக்குப் பெரிய உருவங்கள் செய்கிறார். இதுவரை 300-க்கும் மேல். உள்ளூர்க்காரர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மூன்று வாரத்தில் முடிப்பது அவர் வழக்கம். சில வருஷத்தில் மக்கிப்போகும், அதில் அவருக்கு ஆட்சேபணையும் இல்லை. வீட்டுக் கழிவில் சிற்பமா என்பவர்கள் சண்டிகருக்குப் போய் நேக் சந்தின் பாறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். சாலை ஆய்வாளர் வேலை பார்த்துக்கொண்டு, உடைந்த வளையலையும் பீங்கானையும் வருஷக்கணக்காகச் சேர்த்து, யாருக்கும் தெரியாமல் அவர் கட்டிய அந்தத் தோட்டம் 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நிஜக் கூட்டை யாரும் எடுத்துவரக் கூடாது. ‘காலிக் கூடுதானே’ என்பீர்கள். காலியா இல்லையா என்று நீங்கள் முடிவுசெய்ய முடியாது. நீங்கள் பார்க்கும்போது தாய்ப்பறவை இரை தேடப் போயிருக்கலாம், சில பறவைகள் பழைய கூட்டுக்கே திரும்பியும் வரும். காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறது. நம் மாவட்டத்திலேயே கூந்தன்குளத்தில், வாசல் வேப்பமரத்திலும் கருவேல மரத்திலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை, எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள் ஊர்க்காரர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் கூட்டைப் பிய்த்துக்கொண்டுவந்து மேஜையில் வைத்தால் நன்றாகவா இருக்கும்?

அதேபோல, செய்த கூட்டை மரத்தில் மாட்டிப் படம் எடுக்கிற ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். நைலான் நூலும் மாஞ்சாவும் நீளத் தலைமுடியும் பறவையின் காலில் சிக்கினால் அதனால் விடுவித்துக்கொள்ள முடியாது. கூடு காட்சி நடக்கிற நூலக மாடியோடு நிற்கட்டும்.

மாடியில் எப்படி வைப்பது என்பதை அன்று பேசிக்கொள்வோம். பாதி தொங்கட்டும், ஆனால் எல்லாம் தலைக்கு மேலே வேண்டாம். பிள்ளைகள் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும். அட்டையில் ‘தாய்மை’, ‘பாசப் பிணைப்பு’, ‘இல்லறம்’ போன்ற தலைப்புகளைத் தயவுசெய்து எழுதாதீர்கள். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எத்தனை வருஷமாக வீட்டில் கிடந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். ‘ஒயர் கூடை, 1998, அம்மா போட்டது, பிடி அறுந்தது’ என்று இருந்தால் நான் நின்று படிப்பேன்.

முடிந்த மறுநாள் கூட்டைப் பிரித்து, நாரும் ஓலையும் உரக்குழிக்கும், கம்பி பழைய இரும்புக் கடைக்கும், ஒயர் இன்னொருவருக்கும் போக வேண்டும். ஒட்டாமல் செய்திருந்தால் பிரிப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியில் எல்லாரும் அவரவர் பொருளோடு வந்துவிடுங்கள். கத்தரிக்கோல், கொறடு, ஒரு வாளி நான் கொண்டுவருகிறேன். உடைந்த குடை யார் வீட்டிலாவது கூடுதலாக இருந்தால் எனக்கு ஒன்று எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டத்தில் ஒருவர்,
பாளையங்கோட்டை.